மட்டக் கண்ணாடியில் ஒரு முடி

பாய்லர் அறையில் ஒரு விதி உண்டு. அடுத்த ஷிப்டுக்கு வந்தவர் பதிவேட்டைப் படித்துக் கையெழுத்துப் போடும்வரை, இருக்கிறவர் நகரக் கூடாது. ஆள் மாறுவது நீராவிக்குத் தெரியாது. ஒருவர் கையை எடுக்குமுன் இன்னொருவர் கையை வைத்தாக வேண்டும். பத்தொன்பது வருடம் அந்த அறையில் இரவு ஷிப்ட் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு வருகிறவர்களில் பலர் பதிவேட்டைத் திறந்த கையோடு ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கும் அதுதான் வசதி. நான் எழுதியதை ஒருத்தர் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்ததில்லை.

பிறகு ஆடிட்டர் வந்தாள்.

அது நான் வைத்த பட்டப்பெயர். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். பாய்லர் நடத்தும் சான்றிதழை முதல் தடவையிலேயே வாங்கியவள். காலை ஷிப்டுக்கு வந்ததும் பையை ஆணியில் மாட்டுவாள், நாற்காலியை இழுப்பாள், பதிவேட்டில் விரலை வைத்து வரி வரியாகப் படிப்பாள். ஒரு நாள் மூன்று மணிக்கு எழுத வேண்டியதை மறந்து, ஐந்து மணிக்குச் சேர்த்து எழுதியிருந்தேன். இரண்டு வரியும் ஒரே அழுத்தத்தில் ஒரே மூச்சில் எழுதியது போல இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போக ஏழு மணி.

அவளை வேலைக்கு எடுத்தபோது மேனேஜர் என்னிடம் கருத்துக் கேட்டார். பொம்பளைப் பிள்ளை கையில் பாய்லரைக் கொடுத்துவிட்டு என்னால் வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது என்றேன். வெளியே வந்தால் அவள் கதவருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேட்டிருப்பாள். கேட்டதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை, சொன்னதாக நானும் காட்டிக்கொள்ளவில்லை.

எங்களுடையது சலவை ஆலை. ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைக்கும் இயந்திரத்துக்கும், இஸ்திரி போடும் உருளைகளுக்கும் நீராவிதான் உயிர். நீராவி நின்றால் அறுபது பேர் ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே பாய்லர்காரன் இரண்டு இடங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று, அழுத்தம் காட்டும் முள். இன்னொன்று மட்டக் கண்ணாடி. அது பாய்லரின் நெஞ்சில் நிறுத்திவைத்த கண்ணாடிக் குழாய். உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பது அதில் தெரியும். தண்ணீர் குறைந்து நெருப்பு மட்டும் எரிந்தால், அப்புறம் அறையும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டான்.

எனக்கு நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. மூன்று வருடம் கழித்து, கூடப் பிறந்தது மாதிரி பிரஷரும் வந்து சேர்ந்தது. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். பிரஷர் மாத்திரையோடுதான் எனக்குத் தகராறு. அதைப் போட்ட நாளில், பாய்லரின் மேல் வால்வைப் பார்க்க ஏணியில் ஏறினால் தலை சுற்றியது. இரண்டு தடவை ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன்.

பாய்லர்காரன் மூளை ஒரே மாதிரிதான் வேலை செய்யும். முள் பச்சைக்குள் நின்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். சிவப்பைத் தொட்டால் எழுந்துபோய் எதையாவது திருப்பு. பிரஷர் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கிப் பாய்லர் அறை மேசையில் வைத்தேன். ஷிப்ட் தொடங்கியதும் கையில் பட்டையைச் சுற்றிப் பார்ப்பேன். மேல் எண் நூற்றி நாற்பதுக்குக் கீழே இருந்தால் பச்சை. மாத்திரை கிடையாது. மேலே இருந்தால் ஒன்று போடுவேன். போடாத நாள் மாத்திரையை அட்டையிலிருந்து உடைத்து, வால்வு தேய்க்கும் பசை வந்த பழைய தகர டப்பாவில் போட்டுவைத்தேன். மாதக் கடைசியில் அட்டை காலியாக இருக்க வேண்டும் அல்லவா? வீட்டில் பார்க்கிற மனைவிக்கு அதுதானே கணக்கு.

பத்தொன்பது வருடம் எண்களை எழுதியே பழகிய கை, ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்காது. என் பிரஷரையும் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். மாத்திரை போட்ட நாளில் பக்கத்தில் ஒரு டிக். டாக்டர் எழுதியதில் பாதியிலேயே வண்டி ஓட்டுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. இப்படி மூன்று மாதம் போயிற்று.

ஒரு புதன்கிழமை காலை, ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, மட்டக் கண்ணாடியில் ஒரு முடி ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழாக, லேசாக வளைந்து. துணியால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. உள்பக்கம் விழுந்திருக்குமோ என்று யோசித்தேன். அவ்வளவு சூட்டில் உள்ளே முடி எப்படி இருக்கும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. மறுபடி துடைத்தேன்.

ஆடிட்டர் எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியாது.

"என்னண்ணே, தேய்ச்சுத் தேய்ச்சுக் கண்ணாடியில ஓட்டை போடப் போறீங்களா?"

"முடி ஒண்ணு ஒட்டியிருக்கும்மா."

குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள். "எங்க இருக்கு?"

"அதோ, தண்ணி மட்டத்துக்குப் பக்கத்துல."

அவள் கண்ணாடியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அந்தச் சுவரைப் பாருங்க" என்றாள். போன மாதம் வெள்ளையடித்த சுவர். பார்த்தேன். முடி சுவரிலும் இருந்தது. கண்ணை இடப்பக்கம் திருப்பினால் அதுவும் மெதுவாக இடப்பக்கம் நீந்தி வந்தது. கூடவே கரித்தூள் தூவினாற்போல் நாலைந்து புள்ளிகள். இடது கண்ணை மூடினால் இருந்தது. வலது கண்ணை மூடினால் இல்லை.

தூக்கக் கலக்கம் என்றேன். பையை ஆணியில் மாட்டினாள், நாற்காலியை இழுத்தாள், பதிவேட்டைத் திறந்தாள். பேனாவை மட்டும் எடுக்கவில்லை. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனாள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேனே, அது என்ன எண் என்று ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்று இருந்ததாம். ஆவியும் இல்லை, தண்ணீரும் இல்லை, எரிக்கிற எண்ணெயும் இல்லை. என்னதான் அது?

சொன்னேன். எனக்குச் சர்க்கரை உண்டு என்பது அவளுக்கு முன்பே தெரியும். டீயில் சர்க்கரை போடாதவன் ஆலையில் நான் ஒருத்தன்தான். டிக் என்றால் என்ன என்றாள். அதையும் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. என் முறை எவ்வளவு சாமர்த்தியமானது என்று ஒரு சக ஆபரேட்டருக்காவது புரியும் என்ற நினைப்பு.

அவள் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள். நூற்றி இருபத்தெட்டு, டிக் இல்லை. நூற்றி அறுபத்தாறு, டிக். நூற்றி முப்பத்திரண்டு, டிக் இல்லை. நூற்றி எழுபத்திரண்டு, டிக். ஒரு பக்கம் முழுக்கப் படித்தாள். எழுதியபோது ஒவ்வொரு எண்ணாகத்தான் பார்த்திருக்கிறேன். வரிசையாகக் காதில் விழுந்தபோது வேறு மாதிரி இருந்தது.

"ஒரு பாய்லர் முள்ளு இப்படி ஏறி எறங்குச்சுன்னா, நீங்க இந்த ரூம்ல நிப்பீங்களா?"

நிற்க மாட்டேன். நெருப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடியிருப்பேன். கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி ஒடிப்போமே, குழாயும் அப்படித்தான் களைத்துப்போகும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மாத்திரை போட்டதாலதாண்ணே அது நூத்தி இருபத்தெட்டு. நல்லாயிருக்குன்னு நிறுத்தினதாலதான் அடுத்த நாள் நூத்தி அறுபத்தாறு. அது தானா பச்சையில நிக்கலை. மாத்திரைதான் நிக்க வெச்சிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் போகிறேன், இப்போது கையெழுத்தைப் போடு, தூங்க வேண்டும் என்றேன். அவள் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அவருக்கும் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருந்ததாம். அவருக்கும் இப்படித்தான் ஏதோ தெரிந்திருக்கிறது. ஒட்டடை என்று நினைத்து, ஒரு மாதம் துடைப்பத்தை எடுத்து எடுத்துச் சுவரைப் பெருக்கியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், அவளும்தான். இப்போது அம்மா சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் நடக்கிறார்.

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள். ஒரு வழியாகக் கையெழுத்துப் போடப் போகிறாள் என்று பையை எடுத்தேன். அவள் எழுதிக்கொண்டே போனாள். எட்டிப் பார்த்தேன். காலை 6.10. இரவு ஆபரேட்டருக்கு வலது கண்ணில் பார்வைக் கோளாறு. மட்டக் கண்ணாடியைப் படிக்கும் நிலையில் இல்லை. கண் மருத்துவர் சான்று தரும்வரை பாய்லரில் நிற்கக் கூடாது. அதன் கீழே கையெழுத்து. பக்கங்களுக்கு எண் போட்ட பதிவேடு அது. கிழிக்க முடியாது, அடிக்க முடியாது. எட்டு மணிக்கு மேனேஜர் பார்த்தே தீருவார்.

"என் வயித்துல அடிக்கிறியேம்மா" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அன்னிக்கு மேனேஜர் ரூம்ல நீங்க சொன்னதைக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். அதுக்குப் பழி வாங்குறேன்னு வெச்சுக்குங்க. ஆனா இன்னிக்கே போங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டு போனேன். என் மனைவி தையல்காரி. முன்னறையில் யாருடைய கால்சட்டைக்கோ அடி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆடிட்டர் என் வேலைக்கு உலை வைத்துவிட்டாள் என்று ஆரம்பித்து, விதியைச் சொல்லி, பதிவேட்டைச் சொல்லி, மேனேஜரைச் சொல்லி முடித்தேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். இவ்வளவு சொன்னதில் அவள் காதில் ஒன்றுதான் விழுந்திருந்தது.

"கண்ணுல என்ன?"

பத்து மணிக்குக் கண் மருத்துவமனை நாற்காலியில் தாடையை ஒரு சட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரியவைத்திருந்தார்கள். வெளிச்சம் ஆணி மாதிரி உள்ளே இறங்கியது. கண் டாக்டர் வேகமாகப் பேசுகிறவர். சர்க்கரை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுத்திருக்கிறது. ரத்தம் போகாத இடத்துக்காகப் புதிதாகச் சில குழாய்கள் முளைத்திருக்கின்றன. அவை நூல் மாதிரி, பலம் இல்லாதவை. மேலே பிரஷரும் ஏறி ஏறி இறங்கினால் எவ்வளவு தாங்கும்? ஒன்று கசிந்துவிட்டது. நான் துடைத்த முடி, என் ரத்தம்.

"இது சின்னக் கசிவுதான். இப்போ லேசர் வெச்சா பார்வையைப் பெரும்பாலும் காப்பாத்திடலாம். பெருசா ஒண்ணு வந்த பிறகு வந்திருந்தீங்கன்னா, உங்களைக் கையைப் பிடிச்சுத்தான் கூட்டிட்டு வந்திருப்பாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்க மாட்டேன். அதை என் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

அடுத்த நாள் சர்க்கரை டாக்டர். சிறுநீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதில் புரதம் போகிறது என்றார். ஆரம்பம்தான், ஆனால் சிறுநீரகத்திலும் அதே சின்னக் குழாய்கள், அதே கதை. நான் கொண்டுபோயிருந்த பிரஷர் மிஷினில் பதிந்திருந்த எண்களையெல்லாம் பார்த்தார். தினமும் மாத்திரை போட்டும் இப்படி ஆடுகிறதென்றால் அளவைக் கூட்ட வேண்டும், இன்னொரு மாத்திரையும் சேர்க்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார்.

பேனா ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் அவள் முன்னால் மானம் போகும். திறக்காவிட்டால், தேவையில்லாத அளவைப் போட்டுக்கொண்டு எங்காவது விழுந்து மண்டை உடையும். சொன்னேன். தகர டப்பாவைப் பற்றியும் சொன்னேன். பையில்தான் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். டாக்டர் மூடியைத் திறந்தார். கிரீஸ் வாடை அடித்தது. என் மனைவி மேசையில் கொட்டி எண்ணினாள். நாற்பத்து மூன்று.

"இதை மிச்சம் பிடிச்சு வெச்சு வீடு கட்டலாம்னு இருந்தீங்களா?" என்றாள். அப்புறம் டாக்டரைப் பார்த்து, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். சிரித்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்தபோதுதான் தெரிந்தது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஏன் நிறுத்தினேன் என்று மட்டும் கேட்டார். ஏணியில் தலை சுற்றியதைச் சொன்னேன்.

"தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே மாத்திரையை மாத்திக் குடுத்திருப்பேனே."

அது எனக்குத் தோன்றவே இல்லை. உண்மை அவ்வளவுதான். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மாத்திரை, குறைந்த அளவு, தினமும் ஒரே நேரம், மிஷின் என்ன காட்டினாலும் சரி. மாத்திரையில் மாற்றம் வேண்டுமென்றால் அவர்தான் செய்வார், நான் அல்ல. உட்கார்ந்த இடத்திலிருந்து மெதுவாக எழ வேண்டும். இரண்டு வாரம் கழித்து ரத்தச் சோதனை. பாய்லரில் அளவை யார் மாற்றலாம், யார் மாற்றக் கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருப்போம். அது மாதிரி எடுத்துக்கொண்டேன்.

லேசர் மூன்று தடவை. பச்சை மின்னல் வெட்டி வெட்டிக் கண்ணுக்குள் குத்தும். வலிக்காது என்றார்கள். வலித்தது. ரத்தம் கரைய இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் வீட்டில் சும்மா இருந்தேன். மனைவிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கப் பார்ப்பேன். முதலில் முடியவில்லை. அவள் ஊசியை வாங்கித் தானே கோத்துக்கொள்வாள். ஒரு நாள் மத்தியானம் கோத்துவிட்டேன், வலது கண்ணால் மட்டும். அவள் அந்த நூலை வைத்து உடனே தைக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது மாதம் சான்று கிடைத்தது. பாய்லரில் நிற்கலாம். மேனேஜர் பழைய இரவு ஷிப்டையே தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பத்தொன்பது வருடம் நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்டு, வெயிலில் திரையைப் போட்டுக்கொண்டு தூங்கி என்ன கண்டேன்? துணி வண்டிகளின் சக்கரம் பழுது பார்க்கும் பெஞ்ச் காலியாக இருந்தது. பகல் வேலை. சம்பளம் குறைவுதான். சரி என்றேன்.

எனக்கு நன்றி சொல்ல வராது. வாய்க்குள் அந்த வார்த்தை வேறு யாரோ ஒருவருடைய பல்செட் மாதிரி கிடக்கும். ஆனாலும் முன்பு சொன்ன ஒரு பேச்சைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. வேலையை ஒப்புக்கொண்ட அன்று மேனேஜர் அறையில் கதவை நான் மூடவில்லை. ஆடிட்டர் எண்ணெய்ச் சீட்டுக்குக் கையெழுத்து வாங்க வருகிற நேரம் எனக்குத் தெரியும். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும்வரை வானிலை பற்றிப் பேசினேன். பிறகு சொன்னேன்.

"பாய்லர் அந்தப் பொண்ணு கையில இருக்குங்கறதாலதான் சார் நான் வீட்டுல நிம்மதியா தூங்கறேன்."

மேனேஜருக்கு எதற்கு இது என்று புரியவில்லை. செருப்புச் சத்தம் கதவருகே நின்றது. பிறகு சீட்டோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரமே, மட்டக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்குப் பொருத்திக் கொடுத்தேன். தண்ணீர் மட்டம் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். அவள் சுற்றி வந்து பார்த்தாள், ஒயரை இழுத்துப் பார்த்தாள், பதிவேட்டில் ஒரு வரி எழுதினாள். விளக்கு பொருத்தப்பட்டது, சோதிக்கப்பட்டது, சரி. அவளிடமிருந்து 'சரி' வாங்குவது லேசான காரியம் இல்லை.

இப்போது தினமும் ஆறரைக்குப் பாய்லர் அறைக்குப் போகிறேன். எனக்கு ஏழு மணிக்குத்தான் வேலை. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் கோடு போட்டுக் கட்டம் கட்டி, மேலே 'மாத்திரை' என்று எழுதி வைத்திருக்கிறாள். அவள் எதிரிலேயே தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு ஒரு டிக் போட வேண்டும். மிஷின் எண் அந்தக் கட்டத்தில் கிடையாது. எண்ணை வீட்டு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுகிறேன். புதிதாக வந்த இரவு ஆபரேட்டர் ஒரு நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் தினமும் எந்த மாத்திரையைப் போட வேண்டும், தனக்கு யாருமே சொல்லவில்லையே என்று பதறிப்போய்க் கேட்டிருக்கிறான்.

"அது பழைய பாய்லருக்கு. உங்களுக்கு வேணாம்" என்றாளாம்.

போன வாரம் சிறுநீர்ச் சோதனை முடிவு வந்தது. புரதம் குறைந்திருக்கிறது. கண்ணில் புதிய கசிவு இல்லை. இதை அவளிடம் சொன்னபோது பதிவேட்டிலிருந்து விரலை எடுக்காமல் தலையாட்டினாள். அம்மாவுக்கும் இதைச் சொல்கிறேன் என்றாள்.

டிக் போட்டுவிட்டுக் கிளம்பும்போது, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மட்டக் கண்ணாடியை ஒரு தடவை பார்ப்பேன். ஓரத்தில் ஒரு துண்டு முடி இன்னும் மிதக்கிறது. அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், தண்ணீர் நிற்கும் இடம் கோடு போட்டாற்போல் தெரிகிறது. துணியை எடுப்பதில்லை.